15,000 ரூபாய்க் கடனும் தெர்மாகோல் கேக்கும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிக்க ஏறினேன். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் மைக் முன்னாடி நிற்கிறேன். "கேக் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு சாமி" என்று தலைவி அக்கா சொன்னார்கள். ஆனால் நான் இன்றைக்குக் கேக்கைப் பற்றிப் பேச வரவில்லை. கேக்கே இல்லாத கேக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தப் பையில் மூன்று கேக் கொண்டு வந்திருக்கிறேன். மூன்றுமே தெர்மாகோல். சாப்பாட்டு நேரத்தில் பின்னால் இருக்கும் மேசையில் வைக்கிறேன். யாரும் விரலால் வழித்து வாயில் வைத்துவிடாதீங்க, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கடன் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் உள்கடனாக 15,000 ரூபாய் வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் ஆயிரம் அசல், பதினைந்து தவணை. அவன் அடுப்பு 7,200, பீட்டர் 1,650, சுற்றும் ஸ்டாண்டு, தட்டைக் கத்தி, நாசில், டின் எல்லாம் சேர்த்து 1,900. மீதி 4,250 ரூபாய்க்கு மைதா, க்ரீம், சர்க்கரை, எசென்ஸ், அட்டைப் பெட்டி. கணக்கு நோட்டில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறேன், அதனால்தான் மறக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். சொல்லிக் கொடுத்தவர் நல்ல மாதிரி, திறமைசாலி. ஆனால் முப்பது பேருக்கு ஒரே கேக். அவர் பூசுவதைச் சுற்றி நின்று பார்த்தோம். என் முறை வந்தபோது இரண்டு பூ பிழிந்தேன், அவ்வளவுதான். பார்க்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. அடுத்தவர் தோசை ஊற்றுவதைப் பார்த்தால் நமக்கும் வரும் என்றுதானே தோன்றும். கல் முன்னால் நின்றால்தானே தெரியும்.

முதல் ஆர்டர் எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா கொடுத்தார்கள். அவர்கள் பையனுக்கு முதல் பிறந்தநாள், ஒரு கிலோ கேக், 700 ரூபாய். சித்திரை மாதம். எங்கள் ஓட்டு வீட்டில் பகல் இரண்டு மணிக்கு க்ரீம் அடித்தேன். அதுவே முதல் தப்பு. பூசப் பூச கேக்கின் தூள் க்ரீமோடு கலந்து வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியது எள்ளு தூவினாற்போல ஆகிவிட்டது. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். ஓரத்தில் பிழிந்த பூ அரை மணி நேரத்தில் சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டது. இதெல்லாம் போதாதென்று பெயரில் வரும் 'ழி'யை 'லி' என்று எழுதிவிட்டேன். அதை வழித்து எடுத்துத் திருத்தினேன், அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, "பரவால்ல விடு, ருசி நல்லாத்தான் இருக்குது" என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. போட்டோ எடுக்கும்போது கேக்கைக் கொஞ்சம் திருப்பி, நல்ல பக்கம் முன்னால் வருகிற மாதிரி வைத்ததைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி அந்த 700 ரூபாயைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் 300 மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரு ஆர்டரும் இல்லை. ஊரில் சேதி போவதற்கு வண்டி வாகனம் வேண்டுமா? தவணையைப் பால் சொசைட்டிப் பணத்தில் கட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை, ஆனால் ஒருநாள் மெதுவாகக் கேட்டார், "அந்த அடுப்ப யாராச்சும் கேட்டா கொடுத்துரலாமா?" என்று. குழுக் கூட்டத்திலும் ஒரு உறுப்பினர், "ஆடு வாங்கியிருந்தா இன்னேரம் குட்டி போட்டிருக்கும்" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். அது என் பணம் மட்டும் இல்லையே, பன்னிரண்டு பேர் வாராவாரம் போட்ட சேமிப்பு.

எனக்குக் கேக் சுடத் தெரியும். அதில் குறை இல்லை. பூசவும் பிழியவும்தான் கை வரவில்லை. கை வர வேண்டுமென்றால் பழக வேண்டும். பழக வேண்டுமென்றால் கேக் வேண்டும். அரைக் கிலோ கேக்குக்கு எனக்கு அப்போது சாமான் செலவு மட்டும் 170 ரூபாய். முப்பது நாள் தினம் ஒன்று என்றால் 5,100 ரூபாய். அதைவிட, முப்பது கேக்கை யார் தின்பது? மூன்றாவது நாளே என் பெண், "அம்மா, இட்லி சுடும்மா" என்று சொல்லிவிடுவாள்.

அந்தச் சமயத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனேன். மேடை அலங்காரம் செய்கிற அண்ணன், பொண்ணு மாப்பிள்ளை பெயரைத் தெர்மாகோலில் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய மிச்சம் கீழே கிடந்தது. அதில் ஒரு வட்டத் துண்டு, வெள்ளை வெளேர் என்று, ஓரம் கூராக. பார்த்த உடனே எனக்குக் க்ரீம் பூசி முடித்த கேக் மாதிரியே தெரிந்தது. "அண்ணா, இத எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "குப்பைக்குப் போறதுதானுங்க, சாக்கோட எடுத்துட்டுப் போங்க" என்றார். பட்டுப்புடவையோடு தெர்மாகோல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

இது நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. டவுன் பேக்கரிகளில் கண்ணாடிக்குள் மூன்று அடுக்குக் கேக் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, அதில் பலவற்றில் உள்ளே தெர்மாகோல்தான். கேக் வகுப்பு எடுப்பவர்களும் இதைத்தான் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். டம்மி கேக் என்பார்கள். கேக் சாமான் விற்கும் கடையில் வட்டம், சதுரம், இதயம் எல்லா வடிவத்திலும் கிடைக்கும். நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, அதனால் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

இரண்டு அங்குல கனம் உள்ள தெர்மாகோல் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குலத் தட்டைக் கவிழ்த்து வைத்து, பேனாவால் வட்டம் போட்டு, இரண்டு துண்டு வெட்ட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் நாலு அங்குல உயரம். நாம் விற்கும் அரைக் கிலோ கேக் ஏறக்குறைய அந்த அளவுதான். வெட்டுவதற்குப் பல் உள்ள ரொட்டிக் கத்தியோ ஆக்சா பிளேடோ போதும். சிலர் கம்பியைச் சூடாக்கி வெட்டுவார்கள். சீராக வரும், ஆனால் அதிலிருந்து கிளம்பும் புகை நல்லதில்லை. வீட்டுக்குள் செய்யவே கூடாது. வெட்டிய பிறகு உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்தால் சரியாகிவிடும்.

ஒட்டும்போது நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். செருப்பு ஒட்டுகிற பசை வீட்டில் இருந்தது. அதைத் தடவினேன். தெர்மாகோல் அப்படியே உருகி நடுவில் குழியாகிவிட்டது. பெட்ரோல், தின்னர் கலந்த எதுவும் தெர்மாகோலுக்கு ஆகாது. பெவிக்கால்தான் சரி. ஆனால் காற்றுப் போகாததால் காய இரண்டு நாள் ஆகும். அதுவரை நகராமல் இருக்க நாலைந்து பல்குத்தும் குச்சியைக் குத்தி வையுங்கள். காய்ந்த பிறகு மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சுற்றிவிட வேண்டும். சுற்றினால்தான் பூசி, வழித்து, துடைத்து, மறுபடி பூச முடியும். சுற்றாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வெள்ளை மணி க்ரீமோடு வந்துகொண்டே இருக்கும்.

அந்த மணிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெட்டினால் வீடு முழுக்கப் பறக்கும். வாசலில் வைத்து வெட்டினேன். எங்கள் கோழிகள் ஓடி வந்து கொத்த ஆரம்பித்துவிட்டன. அரிசி என்று நினைத்ததோ என்னவோ, துரத்தத் துரத்த வருகின்றன. அதனால் பெரிய சாக்கை விரித்து, அதன்மேல் வைத்து வெட்டி, அப்படியே சுருட்டி எடுங்கள். மிச்சத்தை அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிக்காதீர்கள், அந்தக் கரும்புகை நமக்குத்தான் கெடுதல். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் கப்பும் தடை செய்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இது தட்டு இல்லை, தூக்கிப் போடும் பொருளும் இல்லை. என் முதல் டம்மி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இருந்தாலும் ஆளுக்குப் பத்து என்று வெட்டிக் குவிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு தொல்லை, எடை இல்லாதது. சுற்றும் ஸ்டாண்டில் வைத்துக் கத்தியைத் தொட்டால் டம்மி ஓடிப்போய்விடும். அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பசை பட்டதும் டேப் விட்டுவிடுகிறது. கடைசியில் எங்கள் மாமனார் ஒரு யோசனை சொன்னார். அடியில் குடைந்து, பழைய தராசின் அரைக் கிலோ எடைக்கல்லை உள்ளே வைத்து டேப் ஒட்டிக் கொடுத்தார். "இப்பப் பாரு, அசல் அரைக் கிலோ கேக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்தது க்ரீம். நாம் கேக்குக்கு அடிக்கும் விப் க்ரீம் விலை அதிகம், வெயிலில் நிற்காது. பூ, ஓரம், எழுத்து பழகுவதற்கு அது வேண்டாம். வனஸ்பதியை நன்றாக வெளுக்கிற வரைக்கும் அடித்து, சலித்த மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பிழிகிற பதம் வந்துவிடும். சர்க்கரை போடாதீர்கள். முதல் தடவை ஐசிங் சர்க்கரை போட்டுச் செய்து, ராத்திரி மூடாமல் வைத்துவிட்டேன். காலையில் கேக் கறுப்பாக இருந்தது, அத்தனையும் எறும்பு. மைதா போட்டால் எறும்பு அவ்வளவாக வராது. ஆனால் எலி வரும், இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இதைப் பிழிந்து, வழித்து, மறுபடி பையில் போட்டு மூன்று வாரம் நான்கு வாரம் ஓட்டலாம். சிக்கு வாசனை வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அரைக் கிலோ வனஸ்பதியில் நான் ஒரு மாதம் பழகினேன். பின்னால் மேசையில் இருப்பதும் இந்தக் க்ரீம்தான். பச்சை மைதா, பத்துப் பேர் கை பட்டது. அதனால்தான் வாயில் வைக்க வேண்டாம் என்றேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை என் பழக்க நேரம். முதல் பத்து நாள் பூசுவது மட்டும். பூ பக்கமே போகவில்லை. பூசும்போது எல்லாரும் செய்கிற தப்பு, கத்தி பிடித்த கையை நகர்த்துவது. நானும் அதைத்தான் செய்தேன். கத்தி அசையாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டும், இன்னொரு கை ஸ்டாண்டைச் சுற்ற வேண்டும். கேக்தான் கத்தியிடம் வர வேண்டும். இது காதில் கேட்டால் புரிகிறது, கைக்குப் புரியப் பத்து நாள் ஆயிற்று. மேலே பூசும்போது க்ரீம் ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். பிறகு பக்கத்தைப் பூசி, மேலெழும்பி நிற்கும் விளிம்பை வெளியிலிருந்து நடுவை நோக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் இழுத்தால் அந்தக் கோடு கடைசி வரை போகாது.

ஆனால் ஒன்று, பூசுவதற்கு வனஸ்பதிக் க்ரீமில் பழகினது மட்டும் பத்தாது. விப் க்ரீமின் குணமே வேறு. அதிகமாக அடித்தால் திரிதிரியாகும், கத்தியால் திரும்பத் திரும்பத் தடவினால் சொரசொரப்பாகிவிடும். அதனால் வாரத்துக்கு ஒருநாள் கால் கிலோ விப் க்ரீம் அடித்து டம்மியில் பூசுவேன். விடிகாலை ஐந்து மணிக்கு, பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் முன்னாடி ராத்திரியே பிரிட்ஜில் வைத்து எடுத்துச் செய்வேன். அந்த நேரத்தில் வீடும் குளிர்ச்சி, கரண்டும் போகாது.

இதில் எனக்கும் என் அத்தைக்கும் ஒரு சண்டை. டம்மியில் பூசி வழித்த க்ரீமை நான் கொட்டப் போனேன். "காசு கொடுத்து வாங்கினத கொட்றியா, நாளைக்கு ஆர்டர் கேக்குக்கு உள்ளார வெச்சிரு, யாருக்குத் தெரியும்" என்றார்கள். அத்தை தப்பான மனுஷி இல்லை, ஒரு பருக்கைச் சோறு வீணானால் தாங்காதவர்கள். ஆனால் அந்தக் க்ரீமில் ஒரு தெர்மாகோல் மணி இருந்து ஒரு குழந்தை வாயில் போனால் என்ன சொல்வேன்? டம்மிக்குத் தொட்ட பை, நாசில், கத்தி எல்லாம் தனி டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன். மூடியில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அசல் கேக் பக்கம் அது வராது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம் கட்டினேன், பணம் சின்னதுதான். ஆனால் அந்த எண்ணைப் பெட்டியில் ஒட்டிய பிறகு மனசில் ஒரு பயம் வந்துவிடுகிறது. வர வேண்டிய பயம்தான்.

இருபது நாள் கழித்து, குழுக் கூட்டத்துக்கு டம்மியை எடுத்துக்கொண்டு போனேன். ஆடு வாங்கச் சொன்னவர்களுக்குக் காட்ட வேண்டாமா! சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். சிரித்தார்கள். "கடன் வாங்கிச் சொப்பு வெச்சு விளையாடறா பாரு" என்று ஒருவர் சொன்னார்கள். எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார், வயது 58, கையெழுத்துப் போடக் குழுவில் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார். மார்கழியில் அவர் வாசலில் போடும் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஆள் வரும். அவர், "எங்க குடு பாக்கலாம்" என்று பையை வாங்கினார். முறுக்கு அச்சு பிடிக்கிற கைதானே. முதலில் ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து டம்மியின் விளிம்பில் புள்ளி வைத்தார். எதிரும் புதிருமாக இரண்டு, அப்புறம் நாலு, அப்புறம் எட்டு, பதினாறு. பிறகு புள்ளிக்குப் புள்ளி பிழிந்துகொண்டே போனார். எல்லாம் ஒரே அளவு. ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் தெரியவில்லை.

நான் இருபது நாளாகக் குத்துமதிப்பாகப் பிழிந்து, கடைசியில் ஒரு பூவுக்கு இடம் பத்தாமல் நசுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். புள்ளி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினம் வாசலில் வைப்பதுதான்! அதிலிருந்து நான் புள்ளி வைக்காமல் பிழிவதில்லை.

இன்னொன்றும் அந்த அக்கா கையைப் பார்த்துத்தான் புரிந்தது. அழுத்துவதை நிறுத்திவிட்டு அப்புறம் பையைத் தூக்க வேண்டும். அழுத்திக்கொண்டே தூக்கினால் வால் நீளும். முறுக்கு பிழியும்போது நாம் அப்படித்தான் நிறுத்துகிறோம், யாரும் சொல்லித் தந்ததில்லை. நட்சத்திரப் பூவுக்குப் பை நேராக நிற்க வேண்டும், ஓரச் சங்குக்கு சாய்வாக. ரோஜாவுக்கு 104 என்று எண் போட்ட நாசில், அகலமான பக்கம் கீழே, ஒடுங்கிய பக்கம் மேலே. சுருள் ரோஜாவுக்கு 1எம். இலைக்கு 352. இந்த மூன்றும் சின்ன வட்ட நாசில் ஒன்றும் இருந்தால் நம் ஊர் ஆர்டர் எல்லாம் செய்துவிடலாம். நான் ஆசைப்பட்டு நாற்பத்தெட்டு நாசில் உள்ள பெட்டி வாங்கினேன், நாற்பது சும்மா கிடக்கிறது.

எழுத்துப் பழக டம்மிகூட வேண்டாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதில் எழுதி எழுதித் துடைக்கலாம். தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷைவிட இடம் அதிகம் பிடிக்கும். 'பிறந்தநாள்' ஒரு வரி, 'வாழ்த்துகள்' ஒரு வரி, பெயர் தனி வரி. முதலில் குச்சியால் லேசாகக் கீறிப் பார்த்துக்கொண்டு எழுதினால் ஓரத்தில் போய் முட்டாது. பெயரை இப்போதெல்லாம் நான் போனில் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். அந்த 'ழி' என்னைப் படுத்திய பாடு அப்படி.

டம்மியில் எல்லாம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நினைத்து அசல் கேக்கில் கை வைத்தால் அங்கே வேறு கதை. தெர்மாகோல் தூள் விடாது, அமுங்காது, பக்கம் நேராக இருக்கும். அசல் கேக் மேடு பள்ளமாக இருக்கும், உள்ளே வைத்த க்ரீம் பிதுங்கும், கத்தி பட்டால் தூள் கிளம்பும். அதற்கு, முதலில் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி, தூளையெல்லாம் அதிலேயே பிடித்துவைத்து, அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டு, பிறகு இரண்டாவது பூச்சுப் பூச வேண்டும். இதை டம்மி சொல்லித் தராது. அதனால் நாலைந்து அசல் கேக் கெட்டுத்தான் ஆக வேண்டும். முப்பது கெட வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆவணியில் மறுபடி ஆர்டர் எடுத்தேன். முதலில் போய் நின்றது அந்த முதல் பிறந்தநாள் அக்கா வீட்டில்தான். அவர்கள் பெரிய பெண்ணுக்குப் பிறந்தநாள், காசு வேண்டாம் என்று அரைக் கிலோ செய்து கொடுத்தேன். இந்தத் தடவை அவர்கள் கேக்கைத் திருப்பி வைக்கவில்லை. எப்படி வைத்தார்களோ அப்படியே போட்டோ எடுத்தார்கள்.

இப்போது இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னதாகும்.

டம்மி பழகுவதற்கு மட்டும் இல்லை, விசேஷங்களிலும் வைக்கிறார்கள். ரிசப்ஷனில் மூன்று அடுக்குக் கேக் கேட்பார்கள். மூன்றும் அசல் என்றால் எடை அதிகம், விலை அதிகம், கொண்டுபோகும்போது சரியும். அதனால் கீழ் இரண்டு அடுக்கு டம்மி, மேல் அடுக்கு மட்டும் அசல். விருந்தாளிகளுக்குத் தனியாகத் தட்டுக் கேக் செய்து துண்டு போட்டுப் பின்னாலிருந்து கொடுப்பது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, சொல்லிச் செய்தால்.

போன வருஷம் ஒரு மேடை அலங்காரக்காரர் மூலம் எனக்கு அப்படி ஒரு ஆர்டர் வந்தது. மேலே ஒரு கிலோ அசல், கீழே இரண்டும் டம்மி என்று அவரிடம் தெளிவாகப் பேசி, அதற்கான பணம்தான் வாங்கினேன். அவர் வீட்டாரிடம் என்ன சொன்னார், எவ்வளவு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் மேல் கேக்கை வெட்டினார்கள். கைதட்டினார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் தாய்மாமன் உற்சாகமாகக் கத்தியை வாங்கி, "பெருசுல வெட்டுங்கப்பா" என்று அடி அடுக்கில் இறக்கினார். கிரீச் என்று ஒரு சத்தம். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். தாய்மாமன் முகம் செத்துவிட்டது. பொண்ணோட அப்பா நேராக என்னிடம் வந்து, "ஏம்மா, முழுப் பணமும் வாங்கிட்டு அட்டைய வெச்சு ஏமாத்தறீங்களா?" என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. எனக்கு வாய் வரவில்லை. பில்லைக் காட்டினேன். பில்லில் நான் எழுதியிருந்தது, 'மூன்று அடுக்குக் கேக் 1' என்று. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொல்வது உண்மைதான், ஆனால் என் கையெழுத்தே எனக்கு எதிராக இருந்தது.

அலங்காரக்காரர் போனை எடுக்கவில்லை. நான் வாங்கியதில் 1,000 ரூபாயை மறுநாள் அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "பணத்துக்கில்லம்மா" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதிலிருந்து பில்லில் எழுதிவிடுகிறேன்: 'மேல் அடுக்கு மட்டும் கேக், ஒரு கிலோ. கீழ் இரண்டு அடுக்கும் தெர்மாகோல், திருப்பித் தர வேண்டும்.' நடுவில் யார் இருந்தாலும் வீட்டுக்காரர்களிடம் நானே போனில் பேசிவிடுவேன். மண்டபத்தில் கத்தி கொடுக்கும்போது பொண்ணு மாப்பிள்ளையிடமும், பக்கத்தில் நிற்கும் பெரியவர்களிடமும், "மேலதாங்க வெட்டணும், கீழ அலங்காரம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். இதனால் இரண்டு ஆர்டர் போயிருக்கிறது. "எல்லாருக்கும் தெரிஞ்சா நல்லாயிருக்காது" என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். போகட்டும்.

கடன் பதினைந்து தவணையும் முடிந்துவிட்டது. கடைசி மூன்று தவணை கேக் பணத்திலேயே கட்டினேன், முன்னதெல்லாம் பாதி பால், பாதி கேக். இப்போது மாதம் பத்துப் பன்னிரண்டு கேக் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் குறையும், மார்கழியில் கிறிஸ்துமஸ், புது வருஷத்துக்கு ஏறும். ஆட்டுக்குட்டி அளவுக்கு லாபமா என்று கேட்காதீர்கள், அந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் குழுவில் டம்மி இப்போது வீடு வீடாகச் சுற்றுகிறது. ஒரு வீட்டில் ஒரு வாரம். கோல அக்கா பிழியும் ஓரத்துக்காகவே பெரிய ஆர்டர்களில் அவரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன், ஒரு கேக்குக்கு நூறு ரூபாய் கொடுக்கிறேன். சொப்பு விளையாட்டு என்று சொன்னவர்கள் போன மாதம் டம்மியை வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. அக்கா, மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கீங்க, சிரிக்காதீங்க, அடுத்த வாரம் கொடுத்துருங்க.

பின்னால் மேசையில் மூன்று டம்மி, நாலு பை, ஒரு டப்பா வனஸ்பதிக் க்ரீம் வைத்திருக்கிறேன். பல்குத்தும் குச்சியும் இருக்கிறது, புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள், ஈரக் கையில் பை வழுக்கும்.